உல்மெக்கென் சொல்லாத பெயர்

எங்கள் கட்டடத்தில் யாரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் "ஜமான் இல்ல" என்பார்கள். கெட்டதாக இல்லை என்று அர்த்தம். நல்லா இருக்கேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பதால் கசாக்கியருக்கு இதுவே போதுமான பதில். நான்காவது மாடி உல்மெக்கென் அக்கா மட்டும் "நஷார் இல்ல தம்பி" என்பார். நஷார் என்றாலும் ஏறக்குறைய அதேதான், மோசம், நலிவு. ரொட்டியில் பூசணம் பிடித்தால் அது நஷார் ரொட்டி. தொலைக்காட்சியில் கொலைகாரனைக் காட்டினால் அவன் நஷார் மனுஷன். அக்டோபே நகரத்தில் அவருக்குக் கீழ்வீட்டில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அவர் வாயிலிருந்து ஜமான் என்ற சொல் வந்து கேட்டதே இல்லை. முதலில் என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்தவர் மொழியில் பிழைப்பவனுக்கு அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

காரணத்தைச் சொன்னவர் அவருடைய கொழுந்தன் இஸ்பசார்.

"அண்ணியோட மாமனார் பேரு ஜமான்பாய். வீட்டுக்கு வந்த மருமக மாமனார் பேரச் சொல்லக் கூடாது. பேருக்குள்ள இருக்கற சொல்லையும் சொல்லக் கூடாது. அவ்ளோதான் வாத்தியாரே."

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததற்குக் குப்பை, பிச்சை என்று நாம் வைப்பதுபோல, எமன் கண்ணில் படாமலிருக்க யாரோ 'கெட்டவன்' என்று வைத்த பெயர் அது. உல்மெக்கென் அக்காவின் பெயரும் லேசுப்பட்டதல்ல. 'பையனோ என்னமோ' என்று பொருள். நான்கு பெண்களுக்குப் பிறகு பிறந்தவர்.

"பெரியவர் செத்து இருபத்து மூணு வருஷம் ஆச்சு. இனிமே சொன்னா யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"அத நீங்களே போய் அண்ணிகிட்ட கேளுங்க. எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு."

கணவனின் தம்பிமார் பெயரையும் மருமகள் சொல்லக் கூடாது. ஆனால் அதில் ஒரு சலுகை: ஆளுக்கொரு செல்லப்பெயரை அவளே வைத்துக்கொள்ளலாம். இஸ்பசார் அக்காவின் கணவருக்குச் சித்தப்பா மகன். 1973-ல் கல்யாண வண்டி வாசலில் நின்றபோது, அப்பாவின் தொப்பியும் தொடைவரை ஏறும் பூட்ஸுமாக வந்து மணப்பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட பதினொரு வயதுக்காரனுக்கு அவர் வைத்த பெயர் குட்டித்துரை. இப்போது இஸ்பசாருக்கு ஐம்பத்தாறு. முன்பல் இரண்டும் தங்கம். தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கும். அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளிருந்து "யாரு?" என்று குரல் வந்தால், "குட்டித்துரை வந்திருக்கேன்!" என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்துவார்.

அவரைத் தவிர அந்தக் கதவை அதிகம் பேர் தட்டுவதில்லை. ஒரு மருத்துவமனைச் சமையலறையில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அக்கா. ஒரே மகள் அக்தாவில், கடலோரத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். காலையில் அக்கா வானொலியில் வானிலை கேட்பார். அக்டோபே வானிலை அல்ல, முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இர்கீஸ் வட்டாரத்து வானிலை. அங்கே காற்று வீசினால் இவர் சாளரத்தைச் சாத்துவார். அந்த ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

2018 மே மாதம், கல்லூரிக்கு விடுமுறை. இஸ்பசாரின் பழைய ஜீப்பில் நானும் அவரும் ஆரல் கடல் பக்கம் போய்வரத் திட்டம் போட்டோம். வழியில் ஜமான்ஷின் பள்ளத்தையும் பார்த்துவிடலாம் என்று இஸ்பசார் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். வானத்திலிருந்து கல் விழுந்து பத்து லட்சம் வருஷத்துக்கு முன்னால் உண்டான பள்ளம் அது. பள்ளத்துக்குப் போய்க் 'கெட்ட சிகரம்' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"நஷார்ஷினுக்கா போறீங்க?"

"ஆமா அண்ணி."

"நானும் வரேன்."

இஸ்பசார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அங்க என்ன இருக்கு அண்ணி? புல்லுகூட இல்ல. வண்டி குலுக்கற குலுக்குல உங்க பல்செட்டு கழண்டு நமக்கு முன்னாடி ஆரல் போய்ச் சேந்துரும்."

"பல்செட்டு உன் பொண்டாட்டிக்குடா. இது முப்பத்திரண்டும் எங்க ஆத்தா குடுத்தது."

"முதுகு வலின்னு நேத்துத்தானே சொன்னீங்க?"

"வலிக்கறது எம் முதுகு. ஓட்டறது நீ. வாய மூடிட்டு டீயக் குடி, குட்டித்துரை."

அவர் குடித்தார். ஆனால் அதற்குப் பிறகு அன்று எதுவும் பேசவில்லை. அது எனக்கு விநோதமாக இருந்தது.

இரண்டு மாற்று டயர், நாற்பது லிட்டர் தண்ணீர், இரண்டு டின் பெட்ரோல். நான் மூன்று முறை சரிபார்த்தேன். அக்கா ஒரு துணி மூட்டையோடு இறங்கி வந்தார். அதில் ஏழு பூரி. செத்தவர் பெயரால் எண்ணெய் வாசம் எழும்ப ஏழு சுட்டு, ஏழு பேருக்குக் கொடுப்பது வழக்கம்.

"நாம மூணு பேருதான இருக்கோம் அக்கா?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம். ஆடு மேய்க்கறவன் எவனாச்சும் இருப்பான்."

கராபுதாக் என்ற ஊர் தாண்டியதும் மரங்கள் தீர்ந்துபோயின. அதற்கப்புறம் தந்திக்கம்பங்கள் மட்டும். அக்கா முன்னிருக்கையில் உட்கார்ந்து, மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

1984 ஜனவரி. ஆட்டுப்பண்ணையின் கிளைக் குடியிருப்பு, பதினொரு வீடுகள். ஒரே ஒரு வயர்லெஸ் பெட்டி. அது இவர்கள் வீட்டில் இருந்தது, மாமனார் கிடங்குக் காவலர் என்பதால். கணவர் கெஞ்செகாலி லாரி ஓட்டுநர். பண்ணையின் குதிரைகள் குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தில் மேயும். காற்று பனியை வழித்துவிட்டுப் புல்லைக் காட்டிக்கொடுக்கும் இடம் அது. அங்கே தீவனம் கொண்டுபோனார். தனியாகத்தான் போனார். மத்தியானம் பனிப்புயல் பிடித்தது. மறுநாள் காலைவரை ஆள் வரவில்லை. உல்மெக்கென் வயர்லெஸ்ஸை எடுத்தார். பண்ணை அலுவலகத்தில் இருந்தவன் தெற்கிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன புதியவன்.

"எங்க போனாருன்னு கேட்டான். நஷார்ஷின்னேன். 'என்ன ஷின்?'னு கேட்டான். நஷார்ஷின், நஷார்னு மூணு தடவ கத்தினேன். பக்கத்துல இருக்கற எவனா இருந்தாலும் புரிஞ்சிருக்கும். உல்மெக்கென் நஷார்னா அது எதுன்னு நாய்க்குக்கூடத் தெரியும். இவன் புதுசு. 'சரிம்மா, டிராக்டர் அனுப்பறோம்'னான். லைன் போயிருச்சு."

அவன் வரைபடத்தைப் பார்த்திருக்கிறான். நஷார்ஷின் என்று எதுவும் இல்லை. நஷார்குடுக் என்று ஒரு பாழுங்கிணறு இருந்தது. ஆனால் அது எதிர்த்திசையில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. டிராக்டரை அங்கே அனுப்பிவிட்டான்.

"ஓட்டினது நம்ம குட்டித்துரைதான்," என்றார் அக்கா. "இருபத்திரண்டு வயசு அப்ப. பனியில பாவம் போகவர ரெண்டு நாளு."

இஸ்பசார் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய தேவை எதுவும் ரோட்டில் இல்லை.

நான்காம் நாள் பள்ளத்தின் விளிம்பில் லாரியைக் கண்டுபிடித்தார்கள். கெஞ்செகாலி முதலில் தீவனத்தை எரித்திருக்கிறார், பிறகு லாரியின் பக்கப் பலகைகளை, பிறகு இருக்கையை, பிறகு ஒவ்வொரு டயராக. எரிக்க மிச்சமிருந்தது ஒரு டயர். அதைக் கழற்றக் கையில் தெம்பு இருக்கவில்லை.

"சாம்பலுக்கு அடியில கதகதன்னு இருந்துச்சாம் தம்பி."

கொஞ்ச தூரம் போனபின் நான்தான் கேட்டேன். "மாமனார் பக்கத்துல இருந்தாரா அக்கா, நீங்க பேசறப்ப?"

"கட்டில்ல உக்காந்து கடிவாளம் தச்சிட்டிருந்தாரு. அவருக்குக் காது கேக்காது. சண்டையில போனது. பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் திரும்ப மாட்டாரு."

"அப்ப சொல்லியிருக்கலாமே!" வாய் தவறி வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "உதட்டப் பாத்துப் படிச்சிருவாரு. டீ ஊத்தறப்போ, சோறு போடறப்போ, எப்பவும் என் வாயத்தான் பாப்பாரு. அவருக்கு அதுதான காது? நான் எப்படிச் சொல்றது?" மூட்டையின் முடிச்சை நீவினார். "அப்புறமா, ரொம்ப நாள் கழிச்சுத் தோணிச்சு. முதுகத் திருப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

அந்த வசந்தத்தில் யாரோ விஷயத்தைப் பெரியவருக்கு எழுதிக் காட்டிவிட்டார்கள். அவர் மருமகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். 'என் பேருலேர்ந்து உனக்கு விடுதலை குடுக்கறேன், மகளே. அவன் கெடந்த எடத்துல போய் நின்னு அந்த எடத்தோட பேர ஒருதடவ சொல்லிட்டு வா. அப்பத்தான் என் நெஞ்சு ஆறும்' என்றார். அக்கா போகவில்லை. வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவும் இல்லை. அடுத்த பதினொரு வருஷமும் பெரியவர், கிண்ணத்தை வாங்கும்போதெல்லாம் மருமகளின் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். காத்திருந்தபடியே செத்துப்போனார்.

"எனக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு," என்றார் அக்கா. "செத்து மேல போய் மாமனார் மூஞ்சியில எப்படி முழிக்கறது? சொல்லிட்டாத் தேவல."

சொல்ல முடியுமா என்பது அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாலையை விட்டு இறங்கியதும் உதடுகள் சத்தமில்லாமல் அசையத் தொடங்கின. 'ந' என்று திறந்துவிட்டு நிற்கும். மறுபடி தொடங்கும்.

எனக்கு வேறு கவலை. போனில் சிக்னல் போய் முக்கால் மணி நேரமாகியிருந்தது. தடமும் இல்லை. சக்கரத்தடியில் உப்புப் பொருக்கு நொறுங்கும் சத்தம் மட்டும். இஸ்பசார் எதையும் பார்த்து ஓட்டியதாகத் தெரியவில்லை. தன் வீட்டுக் கொல்லைக்குப் போவதுபோல வளைத்து வளைத்துப் போய் ஒரு மேட்டில் நிறுத்தினார்.

"இதான் அண்ணி."

அக்கா இறங்கி, கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார்.

"எது?"

"இதோ, முன்னாடி தெரியறது பூரா. அந்த மேடு வரைக்கும்."

குழி என்று எதுவும் கண்ணில் படவில்லை. அடிவானம்வரை லேசாகத் தாழ்ந்து, மறுபடி லேசாக உயர்கிற சாம்பல் நிறத் தரை. கசப்பு வாசமுள்ள குட்டைச் செடிகள். காலடியில் அங்கங்கே கறுப்புக் கண்ணாடித் துண்டுகள், உருக்கிச் சொட்டவிட்டதுபோல முறுக்கிக்கொண்டு. பத்து லட்சம் வருஷக் காற்று பள்ளத்தை மேவிவிட்டிருந்தது. ஆடு மேய்ப்பவன் எவனும் இல்லை. ஒரு பருந்துகூட இல்லை.

"பெரிய குழின்னு நெனச்சேன்," என்றார் அக்கா. "முப்பத்து நாலு வருஷமா கனவுல குழியாத்தான் வந்துச்சு. எட்டிப் பாத்தா அடி தெரியாது."

லாரி நின்ற இடத்தை இஸ்பசார் காட்டினார். நஷார்குடுக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பியபின், மறுபடி டிராக்டரை இங்கே ஓட்டி வந்தவரும் அவர்தான். மற்ற இடத்தைப் போலத்தான் அதுவும் இருந்தது. அக்கா துணியை விரித்து பூரிகளை வைத்தார். உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஏந்தி, இஸ்பசார் ஓதியதைக் கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டார். எனக்கு ஒன்று, இஸ்பசாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்கு பூரி துணியிலேயே இருந்தன. கொடுக்க ஆள் இல்லை.

பிறகு எழுந்தார். எங்களைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். "ந..." என்றார். தலையை உதறிக்கொண்டார். இன்னொரு முறையும் அதேதான் வந்தது.

சட்டென்று எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்தார்.

"ஜமான்ஷின்."

கத்தவில்லை. மருந்துக்கடையில் மருந்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். திரும்பவும், "ஜமான்ஷின்." கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில், "ஜமான்பாய்."

காற்று மாறவில்லை. செடிகள் அப்படியே நின்றன. அக்கா திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருக்கும், அழுதாவது இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் பெட்டியைத் திறந்து காலி என்று கண்டவர் முகம்போல இருந்தது.

"இவ்ளோதானா தம்பி?" என்றார் என்னிடம். "மூச்சுகூட வாங்கல. வாய் வலிக்கல. இவ்ளோ லேசாவா இருந்துச்சு இது?"

தண்ணீர்க் குப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கஷ்டமா இருந்திருந்தாத் தேவல," என்றார். "கஷ்டமா இருந்திருக்கணும்."

அப்போதுதான் இஸ்பசார் பேசினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல அண்ணி."

"என்னடா?"

"நஷார்குடுக்குக்குப் போன்னு அவன் சொன்னப்பவே எனக்குத் திக்குனு ஆச்சு. அந்தக் கெணத்துக்கு யாரு போவா? யாரு சொன்னதுன்னு கேட்டேன். வீட்டம்மான்னான்." பூட்ஸ் நுனியால் ஒரு கறுப்புத் துண்டைத் தரையில் அழுத்தினார். "நீங்க நஷார்னு சொன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் உங்க வீட்டுலதானே வளந்தேன்?"

அக்கா ஒரு எட்டு முன்னே வந்தார்.

"எழுதிக் கையில குடுத்த உத்தரவு அண்ணி. அத மீறி இங்க வந்து, அண்ணன் இங்க இல்லாம அங்க இருந்தா? டீசலும் ஒரு பக்கத்துக்குத்தான் இருந்துச்சு. பாதி வழியில ஒருதடவ நிறுத்தினேன். அப்புறம்... காகிதத்துல இருக்கற பக்கமே ஓட்டிட்டேன்."

"எப்ப நிறுத்தின?"

"அன்னிக்கு மத்தியானம்."

அக்கா மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார் என்று நினைக்கிறேன். அன்று மத்தியானம் இங்கே எது எரிந்துகொண்டிருந்தது? பலகையா, இருக்கையா? பிறகு குனிந்து நான்கு பூரிகளையும் துணியில் வைத்து முடிந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"வண்டிய எடுங்க, இஸ்பசார்," என்றார்.

நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. இஸ்பசார் ஒரு கணம் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

ஆரல் கடலுக்குப் போகவில்லை. திரும்பும் வழியெல்லாம் அக்கா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கராபுதாக் சாப்பாட்டுக்கடையில், "முதல்ல இஸ்பசாருக்கு ஊத்துங்க, களைச்சுப் போயிருக்காரு" என்றார். நீங்க, வாங்க, சாப்பிடுங்க. 'டா' எங்கோ விழுந்துவிட்டது. இஸ்பசார் தன் பங்குக்கு ஒரு பகடி செய்து பார்த்தார்: "என்ன அண்ணி, திடீர்னு மரியாத? என்ன அதிகாரியா ஆக்கிட்டாங்களா?" அக்கா லேசாகச் சிரித்தார். பழக்கமில்லாத விருந்தாளியிடம் சிரிப்பதுபோல இருந்தது அது. இஸ்பசார் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டீ ஆறும்வரை அப்படியே இருந்தார்.

மிஞ்சிய நான்கு பூரியை அக்கா எங்கள் படிக்கட்டு வீடுகளில் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் படியில் பார்த்து, "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டேன். இரண்டு கைப் பையையும் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ஜமான்," என்றார்.

ஜமான் இல்லை என்று அல்ல. ஜமான் என்றே சொன்னார். பைகளை எடுத்துக்கொண்டு மேலே போனார். இர்கீஸ் வானிலை கேட்பதை நிறுத்தவில்லை. காலை ஏழு மணிக்கு இன்னும் என் கூரைவழியே கேட்கிறது.

நவம்பரில் குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்தபின் இஸ்பசார் வழக்கம்போல அண்ணிக்குப் பங்கு கொண்டுவந்தார். விலாவும் கொழுப்புமாகப் பெரிய சாக்கு. என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். ஒரு கை பிடித்து நான்காம் மாடிக்கு ஏற்றினேன்.

"இன்னும் அந்தப் பேரு வரலயா வாத்தியாரே? நீங்க இருக்கறப்ப என்னப் பத்திப் பேசினா எப்படிச் சொல்றாங்க?"

நான் சாக்கின் பிடியை மாற்றிக்கொண்டேன். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

"எங்க அம்மா அப்பா வச்ச பேர எவன் வேணும்னாலும் கூப்பிடலாம். போலீஸ்காரன் கூப்பிடலாம், டாக்டர் கூப்பிடலாம். அந்த இன்னொரு பேரு இந்த ஒரு வாயிலதான் இருந்துச்சு."

கதவைத் தட்டினார். உள்ளே செருப்புச் சத்தம்.

"யாரு?"

இஸ்பசார் வாயைத் திறந்தார். வழக்கமாக மூன்று மாடிக்கும் கேட்கும் குரல். இப்போது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"குட்டித்துரை."

செருப்புச் சத்தம் நின்றது. சாக்கிலிருந்து சிமெண்டில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைக் காலால் துடைத்தார்.

"இஸ்பசாரா?" என்றது உள்ளிருந்து குரல். "இருங்க, தொறக்கறேன்."